எடை மேடைக் கடிகாரமும் கேட் கேமராவும்

சேலத்தில் நம் கைக்கடிகாரம் பகல் 12 மணி காட்டும்போது சூரியன் உச்சிக்கு வந்திருக்காது. ஆண்டுச் சராசரி எடுத்தால் பதினேழு நிமிடம் கழித்துத்தான் வரும். இந்திய நேரம் என்பது 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. அது உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கமாகப் போகிறது. சேலமும் நாமக்கல்லும் இருப்பதோ 78 பாகைக்குச் சற்றுக் கிழக்கே. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று பெருக்கிக் கொள்ளுங்கள். ஆக, ஊரில் ஒவ்வொரு கடிகாரமும் சூரியனைக் கேட்டால் பொய்தான் சொல்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்வதால் யாருக்கும் தொந்தரவில்லை.

இந்த ஒப்பந்தம் ஒரே நாளில் வந்ததல்ல. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானியல் கூடம் இருந்தது. அங்கே கோல்டிங்ஹாம் என்பவர் தீர்க்கரேகையைக் கணக்கிட்டு வைத்ததிலிருந்து வந்ததுதான் மெட்ராஸ் நேரம். அது கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். ரயில் வந்த பிறகு இந்தியா முழுவதற்கும் ரயில்வே நேரம் அதுவேயானது. 1860-களில் சேலம் வழியாக ரயில் ஓடத் தொடங்கியபோது ஸ்டேஷன் கடிகாரங்கள் நம்பியிருந்தது தந்திக் கம்பியை. கம்பி வழியே நேரம் வரும். ஸ்டேஷன் மாஸ்டர் திருத்திக்கொள்வார். கம்பி அறுந்தாலோ, அடுத்த சமிக்ஞை வரும்வரை அந்தக் கடிகாரம் தனித் தீவு. தன் இஷ்டத்துக்கு ஓடும். 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தபோது மெட்ராஸ் நேரத்தோடு கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம் கூட்ட வேண்டியிருந்தது. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தங்கள் பழைய நேரத்தை விடாமல் பிடித்திருந்தன என்பது தனிக் கதை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஆகவே இதே போன்ற இன்னொரு ஒன்பது நிமிடக் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பாரிஸ் நேரம் கிரீன்விச்சைவிட 9 நிமிடம் 21 விநாடி முன்னால். உலகமே கிரீன்விச்சுக்குப் போன பிறகும் பிரான்ஸ் இறங்கி வரவில்லை. கடைசியாக 1911 மார்ச்சில் ஒரு சட்டம் போட்டார்கள். பிரான்சின் சட்டப்படியான நேரம், பாரிஸ் சராசரி நேரத்தில் 9 நிமிடம் 21 விநாடி குறைத்தது என்று. கிரீன்விச் என்ற சொல்லே அதில் கிடையாது! ரோஷம் என்றால் இதுவல்லவா ரோஷம். ஆனால் ஒரு குமாஸ்தாவின் கண்ணால் பார்த்தால் அந்தச் சட்டத்தில் ஒரு நேர்த்தி உண்டு. தன் கடிகாரம் எது, அதற்கும் ஊர்க் கடிகாரத்துக்கும் எத்தனை விநாடி வித்தியாசம் என்பதை எழுத்தில் வைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் இப்போது கிளறுவதற்குக் காரணம், சென்ற ஆண்டு என் மைத்துனர் மகன் கொண்டுவந்த ஒரு விவகாரம்.

அவன் நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன ஆலையில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறான். பிரிவு என்றால் அவனும் இன்னொரு பையனும்தான். ஆலையில் மூன்று இயந்திரங்கள் முக்கியம். மக்காச்சோளம், சோயா, மருந்து எல்லாவற்றையும் எந்த அளவில் கலப்பது என்று உத்தரவு போடும் சர்வர் ஒன்று. லாரி எடை மேடைக்கு ஒரு கணினி. கேட்டில் இருக்கும் கேமராக்களின் படத்தைச் சேமிக்கும் டி.வி.ஆர் பெட்டி. பக்கத்தில் வேறொரு கம்பெனியில் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ் புகுந்துவிட, இவர்கள் முதலாளி பயந்துபோய், ஆலைக்குள் இருக்கும் கணினிகளுக்கு இணையமே வேண்டாம் என்று கேபிளைப் பிடுங்கச் சொல்லிவிட்டார். தப்பில்லை. பெரிய மின் நிலையங்களிலும் பாதுகாப்புத் துறையிலும் இப்படித்தான் தனியாக வைக்கிறார்கள். ஆனால் கேபிள் வழியே இணையம் மட்டும் வரவில்லை, நேரமும் வந்துகொண்டிருந்தது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ராத்திரி. தீவனம் ஏற்றிய லாரி ஒன்று எடை போட்டுக்கொண்டு வெளியே போனது. எடைச் சீட்டில் அச்சான நேரம் 2:09. கேட் கேமராவில் அதே லாரி வெளியே போகும் படத்தின் மூலையில் ஓடும் நேரம் 1:58. அதாவது, லாரி கேட்டைத் தாண்டிப் பதினொரு நிமிடம் கழித்து அதற்கு எடை போட்டிருக்கிறார்கள்! அந்த மென்பொருளில் எடையைக் கையால் தட்டச்சு செய்யவும் வழி உண்டு. எடை மேடையைப் பார்க்கும் கேமராவோ இரண்டு மாதமாகப் பழுது. மூட்டைகளைக் கூடுதலாக ஏற்றி அனுப்பிவிட்டு, லாரி போன பிறகு உட்கார்ந்து பொய்ச் சீட்டு அடித்திருக்கிறான் என்று முடிவு கட்டி, எடை மேடையில் ராத்திரி வேலை பார்த்தவரை மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினொரு வருடம் அங்கே வேலை பார்த்தவர். போலீசில் எழுதிக் கொடுக்கலாமா என்றும் பேச்சு நடந்தது.

"மாமா, அந்த ஆள் அப்படிப்பட்டவர் இல்லீங்க. ஆனா கம்ப்யூட்டர் பொய் சொல்லுமான்னு முதலாளி கேக்கறார். உங்களுக்குப் பழைய ரிஜிஸ்டர் எல்லாம் தோண்டிப் பழக்கமுங்க, ஒருக்கா வந்து பாருங்க" என்றான். கணினி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இரண்டு பதிவேடுகள் முரண்பட்டால் என்ன செய்வது என்பது தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்தேன்.

போனவுடன் நான் சொன்ன முதல் வார்த்தை, "மாப்பிள்ளை, எந்தக் கடிகாரத்தையும் தொடாதே." ஏனென்றால் கேமரா கம்பெனி ஆள் ஒருவர் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரத்தைச் சரிசெய்துவிடுகிறேன் என்று நின்றிருந்தார். சரிசெய்துவிட்டால் அன்று ராத்திரி அது எவ்வளவு தவறாக இருந்தது என்பதற்கான ஒரே சாட்சி அழிந்துபோகும். பழைய பதிவில் தவறு இருந்தால் சுரண்டி அழிக்கக் கூடாது. குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். இது ஆபீசில் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் பாடம். கடிகாரத்துக்கும் அதுதான்.

செல்போனை நடுவில் வைத்து இரண்டு கடிகாரங்களையும் படம் பிடிக்கச் சொன்னேன். கேமரா பெட்டி 9 நிமிடம் 20 விநாடி பின்தங்கி இருந்தது. எடை மேடைக் கணினி 4 நிமிடம் 40 விநாடி முந்தி இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கமாக ஓடியிருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் 14 நிமிடம். "அவ்வளவுதான் மாமா, விஷயம் முடிஞ்சுது" என்று குதித்தான். முடியவில்லை. இது இன்றைய வித்தியாசம். லாரி போனது பத்து நாளுக்கு முன்னால். அன்றைக்கு எவ்வளவு என்பதல்லவா கேள்வி?

கணினிக்குள் இருப்பதும் கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற ஒரு குவார்ட்ஸ் படிகம்தான். அது துடிக்கும் வேகம் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மாறும், சூட்டுக்கும் மாறும். பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு ஏறத்தாழ 50 விநாடி. இணையத்தில் இருக்கும்வரை இது நமக்குத் தெரியாது. பின்னணியில் ஒரு நிரல் அவ்வப்போது வெளியே நேரம் கேட்டுத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். 1985-ல் அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் வகுத்த முறை அது. பார்வை குறைபாட்டோடு பிறந்து, பிற்காலத்தில் முழுப் பார்வையும் இழந்து, 2024 ஜனவரியில் காலமான மனிதர். உலகம் முழுக்கக் கணினிகள் இன்றும் பெரும்பாலும் அவர் முறைப்படிதான் ஒன்றையொன்று நேரம் கேட்டுக்கொள்கின்றன.

ஆகவே ஒரு வாரம் காத்திருக்கச் சொன்னேன். முதலாளிக்குப் பொறுமையில்லை. "ஒரு வாரம் என்னத்துக்குங்க?" என்றார். ஒரு வித்தியாசத்தை ஒரு தடவை அளந்தால் அது ஒரு எண். இரண்டு தடவை அளந்தால்தான் ஓட்டம் தெரியும் என்றேன். ஏழு நாள் கழித்து மறுபடி படம் பிடித்தோம். கேமரா 9 நிமிடம் 48 விநாடி பின்னால், எடை மேடை 4 நிமிடம் 54 விநாடி முன்னால். ஏழு நாளில் ஒன்று 28 விநாடி இழந்திருக்கிறது, மற்றது 14 விநாடி கூடியிருக்கிறது. நாளுக்கு நான்கு விநாடி, நாளுக்கு இரண்டு விநாடி. இனி பள்ளிக்கூடக் கணக்குத்தான். முதல் தடவை அளந்ததிலிருந்து பத்து நாள் பின்னால் போனால் கேமரா 8 நிமிடம் 40 விநாடி பின்தங்கல், எடை மேடை 4 நிமிடம் 20 விநாடி முந்தல். சீட்டின் 2:09 உண்மையில் 2:04:40. கேமராவின் 1:58 உண்மையில் 2:06:40. லாரி எடை போட்டு இரண்டு நிமிடம் கழித்துத்தான் கேட்டைத் தாண்டியிருக்கிறது.

இன்னும் ஒன்று போட்டுப் பார்த்தேன். 9 நிமிடம் 20 விநாடி என்பது 560 விநாடி. நாளுக்கு நான்கென்றால் 140 நாள். 4 நிமிடம் 40 விநாடி என்பது 280 விநாடி. நாளுக்கு இரண்டென்றால் அதுவும் 140 நாள். மாப்பிள்ளை தன் டயரியைப் புரட்டினான். சரியாக அந்த வாரத்தில்தான் இணையக் கேபிளைப் பிடுங்கியிருக்கிறார்கள். இரண்டு கடிகாரமும் ஒரே நாளில் அனாதையாகியிருக்கின்றன.

கணக்கு சரி. ஆனால் முதலாளி தறிப் பட்டறையிலிருந்து மேலே வந்தவர், கணக்கை எளிதில் நம்பமாட்டார். "அந்த பத்து நாளும் இதே மாதிரிதான் ஓடுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார். நல்ல கேள்வி. அன்று ராத்திரியே இரண்டு கடிகாரமும் பார்த்த ஒரு பொது நிகழ்ச்சி வேண்டும். கல்யாணச் சண்டையில் இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒரு ஆளைத் தேடுவதுபோல. யோசித்தபோது மின்தடை ஞாபகம் வந்தது. அந்த ராத்திரி கரண்ட் போயிருந்தது. கேமராவில் பார்த்தால் முற்றத்து விளக்குகள் சட்டென்று அணைவது தெரிகிறது. கேமரா நேரப்படி 12:22:10. எடை மேடைக் கணினியில் யு.பி.எஸ் பேட்டரிக்கு மாறியதாக ஒரு வரி விழுந்திருக்கிறது. அந்தக் கணினியின் நேரப்படி 12:35:12. ஒரே கணம், இரண்டு எழுத்து. வித்தியாசம் 13 நிமிடம் 2 விநாடி. நம் கணக்குப்படி 13 நிமிடம். முதலாளி அந்தக் காகிதத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு டீ கொண்டுவரச் சொன்னார்.

கரண்ட் போவதை வைத்துக் கடிகாரங்களைப் பொருத்திப் பார்ப்பது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 2012 ஜூலை 30 அதிகாலை 2:33-க்கு வட இந்திய மின்கட்டமைப்பு விழுந்தது ஞாபகம் இருக்கும். மறுநாள் பகல் ஒரு மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. அறுபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் இருளில். (நம் தென்னகம் தப்பியது. அப்போது நாம் வடக்கோடு நேரடியாகப் பிணைக்கப்படவில்லை. ரெய்ச்சூர்–சோலாப்பூர் கம்பி வழியாக ஒரே அலைவெண்ணில் சேர்ந்தது 2013 டிசம்பர் 31-ல்தான்.) மத்திய மின்சார ஆணையத் தலைவர் பக்ஷி தலைமையில் குழு விசாரித்து ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. எந்தக் கம்பி முதலில் விழுந்தது, அதனால் எது விழுந்தது என்பதுதான் கேள்வியே. ஒவ்வொரு துணை மின்நிலையத்திலும் நிகழ்ச்சியை மில்லி விநாடிக் கணக்கில் எழுதும் பெட்டிகள் இருக்கின்றன. ஆனால் பல இடங்களில் அந்தப் பெட்டிகளின் நேரம் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதையும் குறையாக எழுத வேண்டியிருந்தது. 2003 ஆகஸ்டில் அமெரிக்கா, கனடாவில் நடந்த பெரும் இருட்டடிப்பிலும் இதே கதை. கடிகாரங்களைப் பொருத்தவே விசாரணையாளர்களுக்குப் பெரும்பாடு. மேல்நாட்டுக்காரனும் நம்மைப் போலத்தான் என்று ஒரு அற்ப திருப்தி.

நேரக் கோளாறு என்றால் எல்லாம் ஒரே கோளாறு அல்ல என்பதையும் அந்த நாட்களில் மாப்பிள்ளையிடம் கற்றுக்கொண்டேன். வித்தியாசத்தின் அளவே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சரியாக ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் என்றால் கடிகாரத்தில் பிழையே இல்லை. ஒன்று இந்திய நேரத்திலும் மற்றது உலக நேரத்திலும் எழுதுகிறது, அவ்வளவுதான். சரியாக ஒரு மணி என்றால் எவனோ வெளிநாட்டு ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டான், அங்கே கோடைக்கு நேரம் மாற்றியிருப்பார்கள். சரியாக 18 விநாடி என்றால் ஜி.பி.எஸ் செயற்கைக்கோள் நேரத்தை அப்படியே எடுத்துவிட்டது என்று பொருள். உலக நேரத்தில் அவ்வப்போது சேர்த்த லீப் விநாடிகளை ஜி.பி.எஸ் கண்டுகொள்வதில்லை, இப்போது 18 விநாடி முன்னால் நிற்கிறது. பத்தொன்பது சொச்சம் வருடம் பின்னால் போய்விட்டால் பழைய ரிசீவர். அதற்கு 1,024 வாரத்துக்கு மேல் எண்ணத் தெரியாது, 2019 ஏப்ரலில் அப்படி ஒரு சுற்று முடிந்தது. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தால்தான் நம் ஆலைக் கதை.

கலவை சர்வரிலும் ஒரு சிக்கல் இருந்தது. மின்தடை வந்துபோனால் அது பல வருடம் பழைய தேதிக்குப் போய்விடும். கேபிள் இருந்தவரை அடுத்த நிமிடமே வெளியே கேட்டுத் திருத்திக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் உதவியாள் பையன் இதற்காக மூன்று நாள் மென்பொருளையெல்லாம் கழற்றி மாட்டியிருக்கிறான். பிரெஞ்சில் ஒரு சொலவடை உண்டு: 'ஷெர்ஷே மிதி ஆ காத்தோர்ஸ் எர்'. உச்சிப்பொழுதை மதியம் இரண்டு மணிக்குத் தேடுவது. எளிய விஷயத்தைத் தலையைச் சுற்றித் தொடுகிறவனைச் சொல்வார்கள். சர்வரின் தாய்ப்பலகையில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்தில் ஒரு பேட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துப்போயிருந்தது. புதிது மாட்டியதும் தீர்ந்தது.

இனி எப்படி ஓட்டுவது என்ற பேச்சு வந்தது. முதலாளி கேபிளைத் திரும்ப மாட்டச் சம்மதிக்கவில்லை. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவை மாப்பிள்ளை எடுத்து நீட்டினான். நிறுவனங்கள் தங்கள் கணினி நேரத்தை தேசிய தகவலியல் மையம் அல்லது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு, அல்லது அவற்றோடு தொடர்புபடுத்தக்கூடிய சர்வரோடு ஒத்திசைக்க வேண்டும் என்கிறது அது. கடைசியில் செய்த ஏற்பாடு இது. கூரை மேல் செயற்கைக்கோள் நேரம் வாங்கும் ஒரு ரிசீவர். அது வானத்தைக் கேட்கும், யாருக்கும் பதில் சொல்லாது. வைரஸ் பயம் முதலாளிக்கு அதில் இல்லை. ஆலைக்குள் கலவை சர்வர் மட்டும் ரிசீவரிடம் நேரம் வாங்கும், மற்ற இரண்டும் கலவை சர்வரிடம் வாங்கும். இடி ரிசீவரை முடக்கினால், மூன்றும் தவறாக ஓடினாலும் சேர்ந்தே தவறாக ஓடும். ஆலைக்குள் எது முன், எது பின் என்பது குழம்பாது. ஆபீசில் இணையத்தோடு இருக்கும் மடிக்கணினியை ஆய்வக நேரத்துக்கு வைத்து, திங்கட்கிழமைதோறும் ஒப்பிட்டுப் பார்ப்பது.

முந்தி ஓடும் கடிகாரத்தைத் திருப்புவதில் ஒரு ஆபத்து உண்டு. சட்டென்று ஐந்து நிமிடம் பின்னால் தள்ளினால், அந்த ஐந்து நிமிடம் இரண்டு தடவை வரும். பின்னால் போட்ட சீட்டு முன்னால் போட்டதைவிடப் பழையதாகத் தெரியும். இன்னொரு வழக்கு தயார். மில்ஸ் முறையில் கடிகாரத்தை மெதுவாக ஓடவிட்டுச் சரிக்கட்டும் வழி இருக்கிறது. விநாடிக்கு அரை மில்லி விநாடிதான் விட்டுக்கொடுக்கும். ஒரு விநாடி சரியாக அரை மணிக்கு மேல் ஆகும், ஐந்து நிமிடத்துக்கு ஏழு நாள். நான் சொன்னது கிராமத்து வழி. ஞாயிற்றுக்கிழமை லாரி வராத நேரம் பார்த்து, பத்து நிமிடம் சீட்டே போடாமல் இருந்துவிட்டு, பிறகு பின்னால் தள்ளு. இரண்டு தடவை வரும் நிமிடங்களில் எழுத்தே இருக்காது. அப்படியே செய்தார்கள்.

இதோடு ஒரு நோட்டும் வாங்கி வைக்கச் சொன்னேன். நீள வாட்டத்தில் கோடு போட்ட சாதாரண நோட்டு. தேதி, எந்தக் கருவி, அது காட்டிய நேரம், சரியான நேரம், வித்தியாசம், பார்த்தவர் ஒப்பம். ரிசீவர் இருக்கும்போது இது எதற்கு என்று உதவியாள் பையன் முனகினான். தேர்தல் வேலைக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். வாக்குப்பதிவு இயந்திரமும் எதோடும் இணைக்கப்படாத தனித் தீவுதான், உள்ளே கடிகாரம் உண்டு. மாதிரி வாக்குப்பதிவின்போது தலைமை அலுவலர் அந்த நேரத்தையும் உண்மை நேரத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் எழுதி வைக்க வேண்டும். சாவடியில் உட்கார்ந்து கடிகாரத்தைத் திருகுவதில்லை.

இன்னும் மேலே போனால் உலக நேரமே அப்படித்தான் நடக்கிறது. பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில் சர்வதேச எடை அளவைகள் அலுவலகம் இருக்கிறது. எண்பது ஆய்வகங்களுக்குக் குறையாமல், நானூறுக்கு மேற்பட்ட அணுக்கடிகாரங்களின் அளவுகள் அங்கே போகின்றன. டெல்லி ஆய்வகத்துடையதும் போகிறது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, மாதம் ஒரு முறை ஒரு சுற்றறிக்கை வெளியிடுகிறார்கள். இன்ன தேதியில் உன் கடிகாரம் இத்தனை நானோ விநாடி முந்தியிருந்தது, இத்தனை பிந்தியிருந்தது என்று. அதாவது உலகத்தின் மிகச் சரியான கடிகாரத்தை வைத்திருப்பவனுக்கும் தான் எவ்வளவு தவறு என்பது பிறகுதான், காகிதத்தில்தான் தெரிகிறது. இந்தச் சுற்றறிக்கை விஷயத்தைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைக் குமாஸ்தாக்கள் மட்டுமே புரிந்துகொள்வார்கள். (உலக நேரத்தின் சுருக்கப் பெயரில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சண்டை வந்து, இரண்டு மொழியிலும் வரிசை சேராத 'யு.டி.சி' என்ற எழுத்துகளில் சமாதானமானார்கள். ஒன்பது நிமிட ரோஷம் இன்னும் போகவில்லை பாருங்கள்.)

எடை மேடைக்காரரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பதினாறு நாள் வீட்டில் இருந்திருக்கிறார். ஊரில் என்ன சொல்லிக்கொண்டாரோ, நான் கேட்கவில்லை. முதலாளி நேரில் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, ஆனால் மேடையைப் பார்க்கும் கேமராவைப் பழுதுபார்த்துவிட்டார். எடையைக் கையால் அடிக்கும் வசதியையும் மென்பொருளில் பூட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை நோட்டில் எடை மேடைப் பத்திக்கு இப்போது அந்த மனிதரே ஒப்பம் போடுகிறார். பதினாறு நாள் சம்பளத்தில் எட்டு நாளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மீதியைப் பொங்கல் போனசோடு சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருப்பதாக மாப்பிள்ளை சொன்னான். எழுத்தில் வாங்கினாயா என்று கேட்டேன். இன்னும் இல்லையாம்.